அம்மா பிரார்த்தனையில் இருக்கிறாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும், உன் வயிற்றில் இருக்கிற குட்டியும், மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையின் அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். நீ சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிடாமல் பிரித்திருந்தால் மூடி வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. கடிதம் எங்கேயும் ஓடிவிடாது.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? முதல் வாக்கியத்தில் அழுவாய், இரண்டாவது வாக்கியத்தில் டிக்கெட் தேடுவாய், மூன்றாவதைக் காதில் வாங்கவே மாட்டாய். அம்மாவின் பெண் அல்லவா நீ. கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் வந்துதான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். அம்மாவால் அடுத்த வாரம் அங்கே வர முடியாது. பிரசவத்துக்கு அவள் உன் பக்கத்தில் இருக்கமாட்டாள். பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. கண்ணில் ஒரு ஆபரேஷன் நடந்திருக்கிறது. அந்த நல்ல கண்ணில்.

இன்னொரு கண்ணின் கதை உனக்குத் தெரிந்ததுதான். அதில் வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. ஒரே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் உன் அம்மா. அந்த ஒரு கண்ணும் இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாங்க் அதிகாரிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் கறுப்பாக ஏதோ இறங்கியிருக்கிறது. முன் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து, வைப்பரைப் போடச் சொல்லியிருக்கிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் வைப்பர் ஓடியிருக்கிறது. அந்த மனிதரும் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இன்னும் வேகமாகப் போட்டாராம். கறுப்பு போகவில்லை. அப்போதுதான் அழுக்கு கண்ணாடியில் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரம் கட்டி, எனக்குப் போன் செய்து, நான் போய்ச் சேருவதற்குள் அந்த அதிகாரிக்கு ரிவர்ஸில் என்னென்ன தப்பு என்பதையும் சொல்லி முடித்திருந்தாள்.

கண்ணுக்குள் திரை மாதிரி ஒன்று ஒட்டியிருக்குமாம், விழித்திரை. சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்து வருவதுபோல அது உரிந்துவிட்டது. கண் டாக்டரம்மா அதைத் திரும்ப ஒட்டி, பிய்த்துக்கொண்டு வராமல் அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு காற்றுக் குமிழியை வைத்திருக்கிறார். குமிழி எப்போதும் மேலேதான் மிதக்கும். அதனால் அம்மா முகத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தால்தான் அது கண்ணின் பின்பக்கத்தில் போய் அழுத்தும். சாப்பிடும்போதும் தரையைப் பார்த்து, நடக்கும்போதும் தரையைப் பார்த்து, தூங்கும்போதும் குப்புற. நிமிர்ந்தால் ஒட்டியது பிரியலாம்.

அதோடு, குமிழி கரையும்வரைக்கும் விமானம் ஏறவே கூடாதாம். மேலே போகப் போக அது பெருத்துக் கண்ணையே கெடுத்துவிடும். கரைய எத்தனை நாள் ஆகும் என்று அம்மா கேட்டாள். வாரக்கணக்கில் ஆகும் என்றார். உன் தேதியைச் சொல்லி அதற்குள் கரைய மருந்து உண்டா என்று கேட்டாள். இல்லை. கப்பலில் போகலாமா என்று கேட்டாள். டாக்டரம்மா சிரிக்காமல், போகலாம், ஆனால் வழி முழுக்கக் கப்பலின் தரையைத்தான் பார்க்கலாம் என்றார். கடைசியாகப் பார்வை திரும்புமா என்று கேட்டாள். அதற்கு அவர், "என் வேலைய நான் செஞ்சிட்டேன்மா. குனிஞ்சிருக்கறது உங்க வேலை. மிச்சம் உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல" என்றார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அம்மா தரையைப் பார்த்தபடி அந்தப் பதிலைத் திட்டிக்கொண்டே வந்தாள். யார் கையிலும் இல்லாத ஒன்றை எப்படி நம்புவது என்று என்னைக் கேட்டாள். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் மெஷின்காரன் ஒரு விதத்தில் உதவினேன். நாள் முழுக்கத் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கழுத்து என்ன ஆகும்? கடையில் ஒரு பழைய மெஷின் மேசை கிடந்தது. மெஷினின் தலையைக் கழற்றிவிட்டால் மேசையில் அந்த இடம் ஓட்டையாக இருக்கும் இல்லையா? அதைக் கொஞ்சம் அறுத்து அகலப்படுத்தி, சுற்றிலும் பஞ்சு வைத்துத் துணி தைத்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை அதில் வைத்துக்கொண்டால் பொருத்தமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் கைவேலையை அவள் பாராட்டியது அன்றைக்குத்தான். அதுவும், மெஷினின் தலையை எடுத்துவிட்டு என் தலையை மாட்டிவிட்டீர்கள் என்று சொல்லித்தான்.

நீ வீடியோவில் பார்த்தது அந்த மேசையைத்தான் பாப்பா. நீ கூப்பிட்டபோது பின்னால் அம்மா தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்துவிட்டது. அம்மா தூங்குகிறாளா என்று கேட்டாய். உன் டாக்டர் உன்னைக் கவலைப்படவே விடக்கூடாது என்று சொல்லியிருந்த நேரம். எனக்குச் சட்டென்று வேறெதுவும் வாயில் வரவில்லை. அம்மா பிரார்த்தனையில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

நீ நம்பமாட்டாய் என்றுதான் நினைத்தேன். உன் அம்மாவின் பிரார்த்தனையைப் பற்றித் தெரியாதவளா நீ. பல் தேய்த்துக்கொண்டே கடவுளுக்கு அன்றைய வேலைகளை ஒதுக்கிக் கொடுப்பவள். மழையைச் சாயங்காலத்துக்கு மேல் வை, ஆர்டிஓவுக்கு இன்றைக்கு நல்ல புத்தி கொடு, மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வை அடுத்த மாதத்துக்குள் முடித்துவிடு. கடவுளும் அவளிடம் எல் போர்டு மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் மாதிரிதான். அவர் எங்கே திரும்பினாலும் அம்மாவின் கால் பிரேக் மேல் இருக்கும். மாணவர்கள் அவளுக்குப் 'பிரேக் டீச்சர்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

நீ நம்பிவிட்டாய். அடுத்த முறை கூப்பிட்டபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், நானும் அதையே சொன்னேன். மாப்பிள்ளையிடம் சொல்லி ஆச்சரியப்பட்டாயாமே. அந்தப் பக்கம் அம்மா ஒரு மகானாகிவிட்டாள். இந்தப் பக்கம் அந்த மகான், தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைக்கச் சொல்லி, அதில் அந்த மங்கின கண்ணுக்குத் தெரிகிற உருவங்களை வைத்து வீட்டையே நடத்திக்கொண்டிருந்தாள். யார் கதவைத் திறந்தது, அடுப்பை அணைத்தீர்களா, அந்தத் துணியை ஏன் அங்கே போட்டீர்கள். வண்டியின் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து மேசைக்கடியில் மாட்டிய மாதிரிதான்.

டிரைவிங் பள்ளியை இப்போது 'ஆஃப்' நடத்துகிறாள். உனக்கு ஞாபகம் இருக்குமே, ஒவ்வொரு சிக்னலிலும் இஞ்சினை அணையவிட்டு அந்தப் பெயரை வாங்கியவள், இப்போது நம் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறவள். அவளுக்கு அம்மா பொழுது விடிந்ததும் போன், இடைவேளையில் போன், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே போன். இஞ்சினின் சத்தத்தை வைத்தே கியர் தப்பு என்று இங்கிருந்து கத்துவாள். இதில் மேசைக்குக் கீழே மெஷினின் மிதி இருக்கிறதா, பதற்றம் வரும்போதெல்லாம் அம்மாவின் வலது கால் அதைப் போய் மிதிக்கும். பெல்ட்டை நான் எப்போதோ கழற்றிவிட்டேன். மிதித்தால் அது பாட்டுக்குக் கீழே போய் மேலே வரும், அவ்வளவுதான்.

பிறகு அந்தப் புதன்கிழமை நீ கூப்பிட்டாய். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, எழுந்து நடக்கவே கூடாது என்கிறார்கள், முன்கூட்டியே எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள் என்று சொன்னாய். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகு விறைத்தது. இரண்டு கையும் மேசையை இறுக்கிப் பிடித்தன. எழுந்துவிடுவாள் என்றே நினைத்தேன். நீ சின்ன வயதில் காய்ச்சலில் முனகினால் தூக்கத்திலேயே எழுந்து ஓடுகிறவள், உன் குரல் இப்படி நடுங்குவதைக் கேட்டு எப்படிக் குனிந்தே இருப்பாள்? கால் மட்டும் அந்த மிதியை அழுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "ஆனா எனக்கு பயமே இல்லப்பா. அம்மா எனக்காக அப்படிக் கெடந்து வேண்டிக்கிறாங்கல்ல" என்றாய். போனை வைத்தேன். என் முகத்தைப் பார்க்க அவளால் முடியாது என்பதில் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிறகு, "அவ நம்பிட்டா. இனிமே இது பொய்யா இருக்கக் கூடாது" என்றாள்.

நான் பக்கத்தில் ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஆரம்பித்தாள். முதலில் வழக்கம்போலத்தான். அழுத்தம் இதற்கு மேல் ஏறக் கூடாது, நல்ல டாக்டர் வேலையில் இருக்கிற நாளாகப் பார்த்து வலி வர வேண்டும், நர்ஸ் ஊசியைச் சரியான இடத்தில் குத்த வேண்டும், மாப்பிள்ளை அந்த நேரத்தில் தூங்கிவிடக் கூடாது. கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. திடீரென்று நிறுத்தினாள். "நான் ஏன் உனக்கு வழி சொல்லிக்கிட்டிருக்கேன்? எனக்கு இங்கேருந்து தரை மட்டும்தான் தெரியுது" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீ ஓட்டு. நான் கால எடுத்துட்டேன்" என்றாள். என்னிடம் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். கால் மிதியிலிருந்து இறங்கித் தரையில் இருந்தது.

அழுதாள். அழலாமா கூடாதா என்று டாக்டரம்மாவைக் கேட்கவில்லையே என்று நான் ஒரு பக்கம் பயந்தேன்.

அன்றோடு அவள் வேறு ஆளாகிவிட்டாள் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அது உண்மையும் இல்லை. மறுநாள் காலையிலேயே 'ஆஃப்'புக்கு மறுபடி போன் போட்டு ஒரு பாட்டம் திட்டினாள். ஆனால் தரையில் இருந்த கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, அது இருந்தால் எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது என்றாள். அதற்கடுத்த நாள் 'ஆஃப்'பை அவளே கூப்பிட்டு, இனி நீயே முடிவு பண்ணு, ரொம்ப மோசமானால் மட்டும் சொல் என்றாள். அந்தப் பெண் பயந்துபோய், டீச்சருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லையா என்று எனக்குத் தனியாகப் போன் செய்தாள்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையின் அக்காவைப் பற்றி உன் அம்மாவின் அபிப்பிராயம் என்னவென்று உனக்குத் தெரியும். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் சிரித்துக்கொண்டிருப்பவர், அவரிடம் ஒரு பூச்செடியைக்கூட ஒப்படைக்க முடியாது என்பாள். அந்த அக்காவுக்கு அம்மாவே போன் செய்தாள். நான் வர முடியாது, நீங்கள் போய் என் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் உடனே சரி என்றார். அடுத்தது அறிவுரைதான், ஒரு மணி நேரம் ஓடும் என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா வாயைத் திறந்தாள், மூச்சு இழுத்தாள், "நீங்க இருந்தா போதும், உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பாப்பா, உன் அம்மா எத்தனையோ கஷ்டமான காரியங்கள் செய்து நான் பார்த்திருக்கிறேன். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியை நிறுத்தியிருக்கிறாள். அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்த அக்கா சனிக்கிழமை அங்கே வந்துவிடுவார். நல்ல மனுஷி. பால் பொங்கினால் பொங்கட்டும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கடவுள் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவன் என்று எனக்கு வீட்டில் ஒரு நல்ல பெயர் உண்டு. இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். நான் கடவுள் மேல் போட்டது எதுவும் அவரிடம் போய்ச் சேரவே இல்லை, வழியிலேயே உன் அம்மா வாங்கிச் செய்துவிட்டாள். அந்த தைரியத்தில்தான் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது அவளே குனிந்து உட்கார்ந்துவிட்டாள், எனக்கு உள்ளூர உதறுகிறது. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் உதறல் குறைகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பது சும்மா இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அவளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கழுத்து வலிக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது, முழங்கையில் தோல் உரிந்திருக்கிறது. ஒரு தடவைகூட நிமிரவில்லை. டாக்டரம்மாவே இவ்வளவு ஒழுங்காக யாரும் இருந்ததில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பலன் என்ன என்று இன்னும் தெரியாது. கட்டைப் பிரித்து ஒருமுறை பார்த்தார்கள். வெளிச்சம் தெரிகிறது என்றாள். வெளிச்சத்துக்கு மேல் என்ன வரும் என்பது குமிழி கரைந்த பிறகுதான் தெரியுமாம். முழுசாக வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். உன்னிடம் இனி எதையும் மூடி மறைப்பதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். பொய்யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரார்த்தனை ஓடமாட்டேன் என்கிறது என்று அவள்தான் உனக்கு எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். படு. எழுந்து நடக்காதே. அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று பெட்டியைத் தொடாதே. நீ அங்கே அசையாமல் கிட, அவள் இங்கே நிமிராமல் இருக்கட்டும். உன் வயிற்றில் இருப்பதற்குக் கையும் காலும் நகமும் முடியும் வளர்த்தவர் யாரிடமும் யோசனை கேட்டுச் செய்யவில்லை. வெளியே கொண்டுவரவும் அவருக்குத் தெரியும்.

இதற்குக் கீழே அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவள் முகம் மேசைக்குள் இருப்பதால் நான் தரையில் உட்கார்ந்து, மேசையின் காலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

"கண்ணு, நான் வரலன்னு மனசுல வச்சுக்காத. உன் நாத்தனார் வர்றா, அவ சிரிச்சா நீயும் சிரி. வலி வரும்போது என்னக் கூப்பிடு, பரவால்ல, ஆனா எனக்கு முன்னாடி சாமியக் கூப்பிடு. என்ன பண்ணணும், எப்படி மூச்சு விடணும்னு நெறைய சொல்ல வச்சிருந்தேன். ஒண்ணும் சொல்லல. உனக்கு வரும். நீ நல்லா இருப்ப, கொழந்தையும் நல்லா இருக்கும். ஒரே ஒரு ஆச. பொறந்ததும் போட்டோ அனுப்பறேன்னு அவசரப்படாத. போனை அது பக்கத்துல வச்சு அழறதக் கேக்க வை. யார் ஜாடைன்னு நீ வாயால சொல்லு. மூக்கு எப்படி, நெத்தி எப்படி, எல்லாம் சொல்லு. நீ சொன்னா நான் நம்பிக்கறேன்."

உங்கள் மூன்று பேரையும் அவர் கையில் கொடுத்துவிட்டு இருக்கிற,
அப்பா